தகரப் பெட்டியைத் திறவுங்கள்

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் சாயங்கால நேரம் நாங்கள் ஆறேழு பேர் கூடுவோம். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். ஒருவர் தபால் இலாகா, ஒருவர் மின்வாரியம், இரண்டு பேர் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர்கள், நான் பள்ளிக்கூட வாத்தியார். ஸ்வெட்டர், மப்ளர், கையில் ஒரு கிளாஸ் டீ. மழையானாலும் பனியானாலும் கடைசியில் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே நாம் சொல்வதைக் கேட்கிறார்கள்?"

நானும் பல வருடம் அதற்குத் தலையாட்டியவன்தான். இப்போது ஆட்டுவதில்லை. நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் கேட்கவில்லை என்பது பாதிப் பொய். நாம் சொல்லவில்லை என்பதே முழு உண்மை.

'நாங்களா சொல்லவில்லை? விடிந்தால் அடைந்தால் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்' என்பீர்கள். சொல்கிறோம். போனைக் கீழே வை, சீக்கிரம் தூங்கு, காசைச் சேர்த்து வை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நில். இதெல்லாம் புத்திமதி. நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் என்கிற முறையில் சொல்கிறேன், புத்திமதியால் ஒரு பிள்ளையும் எதையும் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. நமக்கு மட்டுமே தெரிந்த சங்கதி, நாம் பட்டது, பயந்தது, செய்த தப்பு, இவற்றைப் பற்றி வாயைத் திறக்கிறோமா? அதற்கெல்லாம் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். என் வீட்டில் அது நிஜமாகவே பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டியாக இருந்தது.

போன 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இருபது வருடத்துக்கு மேலான பழைய பட்டியலில் உங்கள் பெயர் எங்கே, உங்கள் பெயர் இல்லை என்றால் உங்கள் பெற்றோர் பெயர் எங்கே என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மகனுக்கு என் பெயர் இருந்த பாகம், வரிசை எண் எல்லாம் தேவைப்பட்டது. கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தாள். பழைய பட்டியலைப் போனில் இறக்கி, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தேடி, கால் மணி நேரத்தில் என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள். நானாக இருந்தால் தாலுகா ஆபீசுக்கு மூன்று நாள் நடந்திருப்பேன்.

பிறகு அவள் கேட்டாள். "தாத்தா, இதுக்கும் முன்னாடி நீங்க இந்தியாக்காரர்னு காட்ட என்ன இருந்துச்சு? நாம அகதிங்கதானே?"

எனக்குச் சுருக்கென்றது. "யார் சொன்னது அகதின்னு?"

"ஸ்கூல்ல சொல்வாங்க. சிலோன் அகதின்னு. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் படித்தவள். ஒரு சரித்திர ஆசிரியரின் பேத்தி. தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் கேலியாகச் சொன்ன வார்த்தையைத் தன் பெயரென்று எடுத்துக்கொண்டு வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறாள். இதில் பிள்ளையின் குற்றம் என்ன இருக்கிறது?

அகதி வேறு, நாம் வேறு. இதைப் படிக்கும் நம் ஆட்களில் பலருக்கே இது குழப்பம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

துறையூர், நாமக்கல், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஜனங்கள்தான் சிலோன் மலைநாட்டில் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்டவர்கள். வெள்ளைக்காரன் போன அதே வருடமே, 1948ல், சிலோன் அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சேராதவர்கள் ஆக்கியது. அடுத்து ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்குச் சிலோன் குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டைப் பிரிப்பதுபோல் என்று என் அப்பா சொல்வார். அவர் இதைப் பற்றிச் சொன்னதே அவ்வளவுதான்.

அப்படி வந்தவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே இந்தியத் தூதரகம் நம்மை இந்தியக் குடிமக்களாகப் பதிந்து, பாஸ்போர்ட் கொடுத்து அனுப்பியது. இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டு, சட்டப்படி வந்தவர்கள் நாம். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்களின் கதை வேறு. அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் பட்டது நம்மைவிட அதிகம். அவர்களிலும் தோட்டத்து ஜனங்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த முகாம்களில் பலருக்கு இன்றுவரை குடியுரிமை இல்லை. நமக்கு வந்த அன்றே இருந்தது. இந்த வித்தியாசம் தெரியாத பிள்ளை நாளைக்கு ஓர் அதிகாரி முன்னால் நின்று, கேட்ட கேள்விக்குத் தன் வாயாலேயே 'அகதி' என்று சொல்லிவிட்டு வந்தால் யார் பொறுப்பு?

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. நம் நாட்டுச் சட்டத்தில் 1987 ஜூலை 1க்கு முன்னால் இங்கே பிறந்தவருக்குப் பிறந்த இடமே போதும். அதற்குப் பிறகு, 2004 டிசம்பர் 3க்கு முன்னால் பிறந்தவருக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு இரண்டு பேர் நிலையையும் பார்ப்பார்கள். அதாவது வயது குறையக் குறைய, தன்னை நிரூபிக்கப் பெரியவர்களின் தாள் அதிகமாகத் தேவைப்படுகிறது. என் மகன் 1983ல் கோத்தகிரியில் பிறந்தவன், அவனுக்கு அந்தப் பிறப்புச் சான்றிதழ் போதும். 2006ல் பிறந்த பேத்திக்கு அப்பா அம்மா இருவர் கணக்கும் வேண்டும். பேரப் பிள்ளைகளின் கணக்கு நம் பெட்டியில் கிடக்கிறது. நாமோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'பிள்ளைகள் கேட்பதில்லை' என்று டீக்கடையில் புலம்புகிறோம்.

அன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் பெட்டி. 1971ல் ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் வரிசையில் உட்கார்ந்து, மேட்டுப்பாளையம் வழியாக இங்கே வந்து சேர்ந்த பெட்டி. எனக்கு அப்போது 14 வயது. உள்ளே ஃபேமிலி கார்டு, அப்பா அம்மாவின் பாஸ்போர்ட், டான்டீயில் வேலை கொடுத்த உத்தரவு, சில கடிதங்கள், ஒரு போட்டோ. எல்லாம் மக்கி, மடிப்பில் கிழிந்திருந்தன. பேத்தி ஒவ்வொன்றையும் மெதுவாகப் பிரித்து, துணிமேல் வைத்துப் போனில் படம் பிடித்தாள். ஆங்கிலத்தில் தட்டச்சு அடித்திருந்ததை வாசித்துச் சொன்னாள். அப்பாவின் பெயரை இரண்டு தாளில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். என் வயதும் ஒன்றில் 14, இன்னொன்றில் 13. இத்தனை வருடம் நான் இதைக் கவனித்ததே இல்லை. கவனிக்க நான் திறந்து பார்த்ததே இல்லை.

பிறகு போட்டோவையும் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். "கார்டில் ஆறு பேர் இருக்கு. போட்டோல ஏழு பேர் இருக்காங்க. இந்த ஏழாவது ஆள் யாரு தாத்தா?"

ஏழாவது ஆள் என் அக்கா.

அக்காவுக்கு நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே கல்யாணமாகிவிட்டது. அத்தான் வீட்டில் சிலோன் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இந்தியாவுக்கு. யார் எதற்கு எழுதினார்களோ அதன்படி குடும்பம் இரண்டாகப் போனது. எங்கள் லயத்தில் மட்டும் இப்படி நாலைந்து வீடு. அக்கா ஹட்டன் ஸ்டேஷனில் நின்றது, நாங்கள் போனது, இதை நான் என் மனைவியிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். என் மகனுக்கு 42 வயது. தனக்கு ஓர் அத்தை இருந்த விஷயம் அவனுக்கு அன்றைக்கு ராத்திரி, மகள் போனில் சொல்லித்தான் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் விதி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். பெட்டியில் அக்காவின் கடிதம் ஒன்றும் இருந்தது. 1991 கடைசியில் வந்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் சிலோன் என்கிற பேச்சை எடுக்கவே ஜனங்கள் பயந்த காலம். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். சிலோன் முத்திரை குத்திய கடிதம் என் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, விசாரிக்கக்கூட இல்லை. நானாகவே பயந்து கடிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பதில் எழுதவில்லை. பயம் தெளிந்த பிறகும் எழுதவில்லை. அப்போது கூச்சம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் கழித்து என்னவென்று எழுதுவது?

பேத்தி அந்தக் கடிதத்திலிருந்த தோட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து இளைஞர்கள் நடத்தும் முகநூல் குழுக்களில் விசாரித்தாள். பதினோரு நாளில் அக்கா மகன் கிடைத்தார். அக்கா 2011ல் இறந்துபோயிருக்கிறார். கடிதம் போட்ட பிறகு இருபது வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். கோத்தகிரியிலிருந்து ஏதாவது வந்ததா என்று தபால்காரரைக் கேட்பாராம். அக்கா மகன் இதைக் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் போனைப் பிடிக்க முடியவில்லை.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்தால், நான் மேலே திட்டியவர்களில் நானும் ஒருவன் ஆகிவிடுவேன்.

நம் ஆட்கள் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள், இங்கே வந்தால் 'சிலோன்காரன்' என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இரண்டு இடத்திலும் அந்நியன். வியாபாரக் கடன் என்று வாங்கி ஏமாந்து, சமவெளியில் பிழைக்க வழியில்லாமல், தெரிந்த வேலை தேயிலை என்று மலை ஏறியவர்கள் எத்தனை பேர். அந்த ஞாபகத்தை யார் எடுத்துப் பேசுவார்கள்? பிள்ளைகளாவது லயத்து வாசம் இல்லாமல் வளரட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். அதில் அன்பு இருந்தது. நானும் அதே நினைப்பில்தான் மூடினேன்.

டீக்கடை நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும்?" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் புண் ஆறியிருந்தால்தானே? ஆறியிருந்தால் என் பேத்தி பள்ளிக்கூடத்தில் தலையைக் குனிந்திருக்க மாட்டாள். நம் மௌனம் நம்மை வேண்டுமானால் காப்பாற்றியிருக்கும். பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. அடி விழும்போது திருப்பிச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லாமல் அவர்களை அனுப்பிவைத்தது.

வீட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. 1968ல் டான்டீ எதற்காகத் தொடங்கப்பட்டது? நம்மைக் குடியமர்த்தத்தான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமெல்லாம் நம் அப்பா அம்மா அட்டைக் கடியில் நின்று நட்ட செடிகள் அவை. 2022ல் அதில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை வந்தது. நட்டம், காட்டுவிலங்கு, ஆள் பற்றாக்குறை என்று காரணங்கள். காடு காடாவது நல்லதா கெட்டதா என்பதை இன்னொரு நாள் பேசலாம். நான் கேட்பது வேறு. அந்தத் தோட்டம் இரண்டு நாட்டு ஒப்பந்தத்தின் பேரில் நமக்காக உண்டானது என்று தோட்டத்து இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது, 'ஐயா, நாங்கள் எப்படி இங்கே வந்தோம் தெரியுமா' என்று தேதியோடு, தாளோடு பேச எத்தனை பேரால் முடியும்? நியாயம் தெரிந்த கிழவருக்கு ஆணையை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த பேரனுக்கு நியாயம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒருவன் டிவி முன்னால், ஒருவன் போன் முன்னால்.

ஆகவே நான் கண்டது இதுதான். தலைமுறைகள் ஒன்றிடம் ஒன்று கற்பது பேச்சால் நடப்பதில்லை. இருவரில் யாராலும் தனியாக முடிக்க முடியாத ஒரு வேலையை நடுவில் வைத்தால் தானாக நடக்கிறது. அந்த இரண்டு நாளில் நான் பேத்திக்கு ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. அவளும் எனக்குப் போன் பாடம் நடத்தவில்லை. தாளை அவள் வாசித்தாள், தாளில் இல்லாததை நான் சொன்னேன். பெட்டி காலியாகும்போது அவளுக்கு 1964 தெரிந்திருந்தது, எனக்குப் படம் பிடித்துப் பத்திரப்படுத்தத் தெரிந்திருந்தது.

இது நம் ஆட்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த படகர் ஒருவர் பக்கத்து ஹட்டியில் சிறு தேயிலை விவசாயி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பேரன் போனில் ஊட்டியின் வெப்பநிலையைப் பார்த்துச் சொல்வான். அது ஊட்டிக்கு. தன் நிலத்தில் எந்தப் பள்ளத்தில் குளிர் இறங்கித் தேங்கும், எந்த மூலையில் சில்வர் ஓக் நிழல் செடியைக் காப்பாற்றும் என்பது போனில் வராது. அதைப் பெரியவர் சாயங்காலம் வானத்தையும் காற்றையும் பார்த்துச் சொல்வார். ஆனால் குன்னூர் ஏலத்தில் போன வாரம் என்ன விலை போனது, தொழிற்சாலை இலைக்குக் கொடுக்கும் விலை அதற்குச் சரியாக இருக்கிறதா என்பது பெரியவருக்குத் தெரியாது, பேரன் பார்த்துச் சொல்வான். அந்த வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து விவசாயம் செய்கிறார்கள். மரியாதை பற்றி அங்கே யாரும் பிரசங்கம் செய்வதில்லை. மரியாதை இருக்கிறது.

பிள்ளைகளையும் சும்மா விட மாட்டேன். ஏதாவது ஒரு படிவம் வந்தால் மட்டும் தாத்தா ஞாபகம் வருகிறது. அதுவரை தாத்தா மூலையில் இருக்கும் நாற்காலி. ஒரு பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு உரியவர் எப்படி இருந்தார் என்று கேட்காமல் போகிறீர்கள். எங்கள் தலைமுறை ஒரு தடவை கேட்டால் சொல்லாது. மழுப்பும், பேச்சை மாற்றும், எரிந்துகூட விழும். மூன்றாவது தடவையும் கேளுங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஏழாவது ஆள் யார் என்று விரல் வைத்துக் கேட்டால் பொய் சொல்ல முடியாது.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் சொந்தங்களைப் பாருங்கள். மலையகத் தமிழர் போய் 200 வருடம் ஆனதை ஒட்டி 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கூலிகளாக இறங்கிய முன்னோர் காட்டு வழியே நடந்து, பலர் வழியிலேயே செத்துப்போன பாதை அது. அந்த நடையில் இளைஞர்களும் இருந்தார்கள். அந்த வழியைத் தெரிந்துகொள்ள அவர்கள் அதை நடந்தே பார்த்தார்கள். நாமும் அதே பாதையில் திரும்பி வந்தவர்கள்தானே? நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தலைமன்னார் என்கிற பெயர் தெரியும்?

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு. பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனையோ பேத்தியையோ உட்கார வைத்துப் பெட்டியைத் திறவுங்கள். தாள்களைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாதீர்கள், பழைய தாளுக்கு அது கெடுதல். பிரித்தெடுக்கவும் முடியாது. ஒவ்வொரு போட்டோவுக்கும் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று தனித் தாளில் எழுதச் செய்யுங்கள். பெயர் இரண்டு விதமாக இருந்தால் இப்போதே ஒரு நல்ல வக்கீலைக் கேளுங்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்து ஆவணம் கேட்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கடன், குடி, விட்டுவிட்டு வந்த ஆள், எழுதாத பதில், அதையும் சொல்லுங்கள். பெருமை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை உங்களைக் கும்பிடும், நம்பாது.

கூடவே அவர்களிடம் கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 'இதை எனக்குக் காட்டிக் கொடு' என்று பேத்தியிடம் சொன்னால் நம் வயது குறைந்துவிடாது. எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல 68 வயது வரை ஆனது.

போன மாதம் அக்கா மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். போனிலேயே அனுப்பலாமே என்று பேத்தி சொன்னாள். இல்லை, தபாலில்தான் போக வேண்டும் என்றேன். அவள் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதினாள், நான் தமிழில் எழுதினேன். அவர்கள் தோட்டத்துத் தபால்காரர் இப்போது வேறு யாரோ. இருந்தாலும் கோத்தகிரியிலிருந்து ஒன்று போய்ச் சேரட்டும்.